வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

லஸ் முனையில் ஒரு மருந்துக்கடையின் பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி இருக்கும். ஏறினால் சௌபாக்யா டிராவல்ஸ். முதலாளியின் பெயர் அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் விசா ஸ்ரீரங்கன் என்று கேட்டால் பூக்காரி கூட அந்தப் படியைக் கைகாட்டுவாள். பத்தொன்பது வருஷமாக அவனுக்கு அங்கே ஒரே வேலைதான். ஊரார் பாஸ்போர்ட்டை வாங்கி, விண்ணப்பத்தை நிரப்பி, கான்சுலேட் ஜன்னலில் நீட்டி, விசாவோடு திருப்பிக் கொண்டுவந்து தருவது.

அவன் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. அதற்காக அவனை இளப்பமாக நினைத்துவிடாதீர்கள். எந்த நாட்டுக்கு எத்தனை போட்டோ, போட்டோவில் காது தெரிய வேண்டுமா, வங்கிக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்து நீலத்திலா கறுப்பிலா, எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவனிடமும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. ஒரு முறை காலாவதியாகி, புதுப்பித்தும் ஆயிற்று. உள்ளே ஒரு முத்திரை கிடையாது.

மயிலாப்பூர்க்காரர்கள் வேறு ஏஜென்ட்டிடம் போகாமல் இவனிடமே வந்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. இவன் மேஜையில் இடது கைப்பக்கம் விமான நேர அட்டவணை. வலது கைப்பக்கம் பஞ்சாங்கம். ராகுகாலத்தில் ஒரு விண்ணப்பமும் இவன் கையைவிட்டுப் போனதில்லை. திங்கட்கிழமையா, ஒன்பது மணி தாண்டட்டும். வெள்ளிக்கிழமையா, பத்தரைக்குள் கொடுத்துவிட வேண்டும். கிளம்பும் நாளுக்கு நட்சத்திரம் சரியா, போகும் திசை அந்தக் கிழமைக்கு ஆகாத சூலத் திசையா என்று பார்த்துத்தான் டிக்கெட்டே போடுவான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பத்தொன்பது வருஷத்தில் அவன் கொடுத்த விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது கிடையாது. அந்தக் கர்வம் அவனுக்கு உள்ளூர நிறையவே இருந்தது.

அந்தக் கர்வம் இறங்கிய கதைதான் இது. தொண்ணூற்றேழாம் வருஷம், மே மாதம், அக்னி நட்சத்திர வெயில்.

மந்தைவெளியில் எட்டுக் குடித்தனம் இருக்கும் ஒரு ஸ்டோரில் ஸ்ரீரங்கன் கீழ்ப் போர்ஷனில் இருந்தான். மாடிப் போர்ஷனில் ராகவேந்திரன் மாமாவும் ஜானு மாமியும். மாமா டெலிபோன்ஸில் அக்கவுன்டன்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர்களுடைய ஒரே பெண் சாருலதா கல்யாணமாகிப் பாரிஸில் இருந்தாள். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது நிலைத்துவிட்டது, மே மாதக் கடைசியில் பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தனக்குத் தைரியம் என்று அவள் வாரா வாரம் போனில் அழுதாள்.

ஸ்ரீரங்கன் இதை வெறும் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மனைவிக்குத் தாயார் இல்லை. அவளுக்குப் பிரசவமானபோது மூன்று நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தவள் ஜானு மாமி. அந்தக் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன் என்று அவன் அடிக்கடி சொல்வான். இதோ, பகவானாகப் பார்த்து வழி விட்டிருக்கிறான் என்று நினைத்தான்.

பயணத்தை அவனே போட்டுக் கொடுத்தான். ஜூரிக்கில் மாமாவின் தம்பி இருந்தார். சாருவின் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் சரியாகப் பார்த்ததில்லை. பிராங்க்ஃபர்ட்டில் மாமியின் அக்கா பிள்ளை நிரஞ்சன் இருந்தான். அதனால் முதலில் ஜூரிக் மூன்று நாள், பிறகு பிராங்க்ஃபர்ட், கடைசியில் ரயிலில் பாரிஸ். வெள்ளிக்கிழமை கிளம்பும் விமானம்.

இங்கே விசா சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் செய்த தப்பு என்னவென்று புரியாது. ஜெர்மனி, பிரான்ஸ், ஹாலந்து என்று ஏழு தேசங்கள் அப்போது கூடிக்கொண்டு ஒரே விசா என்று ஆக்கியிருந்தன. ஒரு நாட்டில் வாங்கினால் ஏழு நாட்டுக்கும் செல்லும். ஏழு அறை உள்ள வீடு மாதிரி. வாசலில் ஒரு தடவை காட்டிவிட்டு உள்ளே போனால், அப்புறம் எந்த அறைக்கு வேண்டுமானாலும் போகலாம். சுவிட்சர்லாந்து அந்தக் கூட்டத்தில் கிடையாது. அதே வீட்டு நடுவில் தனிச் சமையல் பண்ணும் குடித்தனம் அது. அதற்கு விசா வேறு.

மாமி பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிறகும் இருக்கப் போகிறாள் என்றால் பிரெஞ்சு விசாதான் கேட்க வேண்டும். அதைப் பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு ஆபீஸ் ஆள் போய் வாங்கிவந்தான். சுவிஸ் விசா பம்பாயிலிருந்து கூரியரில் வந்தது. அங்கே தங்க ஏழே ஏழு நாள். பிரெஞ்சு விசாவில் எத்தனை தடவை நுழையலாம் என்று ஒரு கட்டம். அதில் ஒன்று என்று போட்டிருந்தது. ஒன்று என்றுதான் இவனும் கேட்டிருந்தான். சுவிஸ் முதலில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஜெர்மனி வாசலில் ஒரே ஒரு தடவைதானே நுழைகிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டிக்கெட் கையில் வந்த அன்றைக்கு மாமி படியிறங்கி வந்தாள். "ஏண்டா ஸ்ரீரங்கா, வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாச்சேடா. சாருவுக்கு ஏற்கெனவே ரெண்டு தங்கல. தெரிஞ்சே அன்னிக்குக் கெளம்பணுமா?" என்றாள்.

ஸ்ரீரங்கனுக்குச் சுருக்கென்றது. சூலம் பார்க்காமல் நான் எப்படி டிக்கெட் போட்டேன் என்று அவனுக்கே அவமானமாகிவிட்டது. ஓடிப் போய் அட்டவணையைப் புரட்டினான். இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, இடம் இருந்தது. ஆனால் அந்த விமானம் பிராங்க்ஃபர்ட் போகிறது. அதனால் என்ன? முதலில் பிராங்க்ஃபர்ட், பிறகு ஜூரிக், பிறகு பாரிஸ். அதே மூன்று நாடு, அதே மனுஷர்கள், முன்பின்னாக மாற்றிப் போட வேண்டியதுதானே. அரை மணியில் மாற்றிவிட்டான். மாமி கையெடுத்துக் கும்பிட்டாள். புதன்கிழமை நல்ல ஹோரையில் ஒரு பெட்டி நிறையப் பத்தியச் சாமானும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவளே கிளறிய பிரசவ லேகியமுமாகக் கிளம்பிப் போனார்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து மெஹபூப் பாஷா வந்தார். தோல் செருப்புக்கடைக்காரர், ஸ்ரீரங்கனுக்குப் பழைய பழக்கம். அண்ணன் ஜெர்மனியில், மச்சான் சுவிஸில், பார்க்க ஆசைப்படும் டியூலிப் பூ ஹாலந்தில். ஸ்ரீரங்கன் உற்சாகமாக அதே ஏழு அறை வீட்டுக் கதையை அவிழ்த்துவிட்டான். பாஷா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் கரீட்டு ஸ்ரீரங்கன் சார். ஜெர்மனிலேர்ந்து வெளிய வந்து சுவிஸுக்குப் பூட்டேன்னு வெச்சிக்க. அப்பால ஹாலந்துக்குப் போவ, மறுபடியும் உள்ள வுடுவானா?"

ஸ்ரீரங்கன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து பாஷா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

வாசலுக்கு வெளியே வந்தால் வந்ததுதான். ஜெர்மனியில் நுழைந்தது ஒரு தடவை. சுவிஸுக்குப் போனால் வெளியே வந்தாயிற்று. அங்கிருந்து பாரிஸ் என்றால் இரண்டாவது தடவை. விசாவில் போட்டிருப்பதோ ஒன்று. பச்சைக் குழந்தை கேட்கிற கேள்வி இது. பத்தொன்பது வருஷ அனுபவஸ்தன் பஞ்சாங்கத்தைப் பார்த்தான், விசாவைப் பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைதான் விழும். இங்கே இவன் சறுக்கியதற்கு விழப்போவது ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்.

சனிக்கிழமை காலை எட்டு மணி ரயிலில் அவர்கள் ஜூரிக் கிளம்புவதாக ஏற்பாடு. இப்போது இங்கே பதினொன்றேகால் என்றால் அங்கே ஏழே முக்கால். ஸ்ரீரங்கன் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். எதிர்ச்சாரியில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஒரு பெண்மணி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கும்பிட்ட கோலத்தைப் பார்த்துப் பயந்துபோய் வெளியே வந்துவிட்டாள். நிரஞ்சன் வீட்டு எண்ணைச் சுழற்றினான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினான், மறுபடி, மறுபடி. அவர்களை ரயிலேற்றத்தான் நிரஞ்சன் போயிருக்கிறான், வீட்டில் வேறு யார் இருக்கப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பதினொன்று ஐம்பது வரைக்கும் அந்த மணியையே கேட்டுக்கொண்டு நின்றான். பாஷா பின்னாலேயே வந்து அவன் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்.

இனி ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். ரயிலில் எல்லையைத் தாண்டும்போது எந்த அதிகாரியும் வராமல் இருக்க வேண்டும். முத்திரை குத்தாமல் விட்டுவிட்டால் வெளியே வந்ததற்குச் சாட்சி இல்லை. கபாலீசுவரா, அந்த ரயிலில் ஒருத்தன் கூட வரக்கூடாதப்பா என்று வேண்டிக்கொண்டான். ஊருக்கெல்லாம் முத்திரை விழவேண்டும் என்று பாடுபட்டவன், முத்திரை விழக்கூடாதென்று வேண்டியது அன்றைக்குத்தான்.

மாலை ஐந்து மணிக்கு ஜூரிக்குக்குப் பேசினான். மாமியே எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஸ்ரீரங்கா, சௌக்கியமா வந்து சேந்துட்டோம்டா. ரயில்ல ஒருத்தன் வந்தான். பாஸ்போர்ட்டை வாங்கி ஜோரா சீல் குத்திக் குடுத்தான். அம்பு வெளியில போறாப்ல ஒரு படம்கூடப் போட்டிருக்கு. உன் புண்ணியத்துல ஒரு கேள்வி கேக்கல."

ஸ்ரீரங்கன் பூத்தின் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு சொன்னான். என்ன வார்த்தையில் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே ஞாபகமில்லை. தப்பு என்னுது மாமி என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னானாம். மாமி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ சாருகிட்ட எப்படிடா போறது?"

அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த நாலு நாளும் அவன் பேயாய் அலைந்தான். சுவிஸ் விசா ஏழு நாள், வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் புது விசா கிடைக்காவிட்டால் அங்கேயும் இருக்க முடியாது, பாரிஸுக்கும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. திங்கட்கிழமை பாஷா தன் ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று ஜெர்மன் கான்சுலேட்டுக்குப் போனார். அங்கே அவர்கள் ஊர்ப் பண்டிகை விடுமுறை. ஜூரிக்கிலும் அதே பண்டிகை, அதே விடுமுறை. வாசலில் இருந்த காவல்காரர் இவனை அடையாளம் கண்டு, இன்னா சார், உங்களுக்குத் தெரியாத லீவா என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டது இவனுக்கு நெஞ்சில் போய்க் குத்தியது.

அன்று சாயங்காலம் மாமாவின் தம்பி போனில் ஒரு யோசனை சொன்னார். ரயிலில் எல்லா நாளும் சோதிப்பதில்லை, பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடட்டுமே, பத்துத் தடவையில் ஐந்து தடவை தப்பிவிடலாம் என்றார். சரி என்ற சொல் ஸ்ரீரங்கனின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பிடிபட்டால்? பாஸ்போர்ட்டில் ஒரு கரும்புள்ளி. அப்புறம் ஆயுசுக்கும் பெண்ணைப் பார்க்க விசா கிடைக்காது. மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கும் பங்கம் வந்தாலும் வரும். வேண்டாம் சார் என்றான். சொல்லிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன நேர்மையை இப்போது எதற்குக் காட்டுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஜூரிக்கில் பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போனார்கள். பாரிஸிலிருந்து மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஃபாக்ஸில் அனுப்பியிருந்தார். இங்கிருந்து ஸ்ரீரங்கன் மாமாவின் பென்ஷன் புத்தகம், சாருவின் கல்யாண சர்டிபிகேட், ரேஷன் கார்டு வரைக்கும் ஃபாக்ஸ் பண்ணினான். ரேஷன் கார்டு எதற்கு என்று கேட்காதீர்கள்; தண்ணீரில் முங்குகிறவன் துரும்பைப் பிடிக்கத்தான் பிடிப்பான். அங்கே தன்மையாகத்தான் பேசினார்களாம். வேறு தேசத்தில் குடியிருப்பவர்கள் என்பதால் விசாரித்துத்தான் கொடுக்க முடியும், பத்து நாளாவது ஆகும் என்றார்களாம். கையில் இருந்ததோ மூன்று நாள்.

புதன்கிழமை இரவு சாருவுக்கு வலி எடுத்துவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் மாமி யார் பேச்சையும் கேட்கவில்லை. திருட்டுத்தனமாகப் போக வேண்டாம், நேரே போய்க் கேட்கிறேன் என்று மாமாவை இழுத்துக்கொண்டு பாசல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அங்கே ஸ்டேஷனுக்குள்ளேயே பிரான்ஸுக்கு ஒரு வாசல் இருக்கிறது. தாண்டினால் பாரிஸ் ரயில். அன்று மதியம் மூன்று மணிக்கு அங்கிருந்த டெலிபோனிலிருந்து மாமி சௌபாக்யா டிராவல்ஸுக்குப் பேசினாள். ஸ்ரீரங்கன் நின்றபடியே கேட்டான். அழாமல், ஒரு விஷயத்தைச் சொல்வது போல்தான் சொன்னாள்.

"நல்ல பிள்ளைடா அந்த வாசல் ஆபீசர். நாற்காலி போட்டு உக்கார வெச்சான். ஆஸ்பத்திரி லெட்டரைப் பூராப் படிச்சான். அப்புறம் பாஸ்போர்ட்டைத் திருப்பி, அந்தக் கட்டத்துல விரலை வெச்சு, ஒண்ணுன்னு ஒத்தை விரலைக் காமிச்சான். எனக்குப் பாஷை தெரியாது. அது மட்டும் புரிஞ்சுடுத்து. ரயில் எதிர்லயே நின்னுண்டிருந்துது ஸ்ரீரங்கா. ஜன்னல்ல இருக்கறவா முகம்கூடத் தெரிஞ்சுது."

மாமியே மேலே சொன்னாள், அங்கிருந்தே பாரிஸ் ஆஸ்பத்திரிக்கும் பேசியிருந்தாளாம். குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்களாம். மாப்பிள்ளை ரிசீவரைக் குழந்தை வாயருகே பிடித்தாராம். அழுகிற சத்தம் கேட்டதாம். மயக்கம் தெளிந்து சாரு, அம்மா எங்கே என்றுதான் கேட்டாளாம். எல்லையில் விடவில்லை என்று சொன்னதற்கு அவள் நம்பவேயில்லையாம்.

"ஸ்ரீரங்கன் மாமாதானே விசா வாங்கினார், அவர் பண்ணினா தப்பா இருக்காதேம்மாங்கறா. நான் என்னடா சொல்லட்டும் அவகிட்ட?"

பத்தொன்பது வருஷமாக அவனை எத்தனையோ பேர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். ஒரு பாராட்டும் இப்படி அவன் ஈரக்குலையை அறுத்ததில்லை. போனை வைத்துவிட்டு, ஜனங்கள் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதான். முதலாளி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைசியில் ஜூரிக்கிலிருந்தே சென்னைக்குத் திரும்ப டிக்கெட் மாற்றிக் கொடுத்தான். அந்தச் செலவு தன்னுடையது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். இடம் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமை கூடாதென்று மூன்று தேசத்தை முன்பின்னாகப் புரட்டிப் போட்டானோ, அதே வெள்ளிக்கிழமையில்தான் அவர்கள், பெண்ணையும் பார்க்காமல், பேத்தியையும் பார்க்காமல், கிளம்பினார்கள்.

சனிக்கிழமை காலை ஸ்டோரில் டாக்சி வந்து நின்ற சத்தம் ஸ்ரீரங்கனுக்குக் கேட்டது. மாமியின் பெட்டியை யாரோ படியில் தூக்கிப்போகும் சத்தமும் கேட்டது. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி மட்டும் மேலே போய்க் காபி கொடுத்துவிட்டு வந்தாள். மாமி உங்களைத்தான் விசாரித்தாள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள் என்றாள். அதைக் கேட்ட பிறகு அவனுக்கு மாடி ஏறும் தைரியம் இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் தெப்பக்குளப் படிக்கட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் படியில் யாரோ கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறிவருவது கேட்டது. ஜானு மாமி. ஒரு வாரத்தில் பத்து வயசு கூடினாற்போல் இருந்தாள். ஸ்ரீரங்கன் எழுந்து நின்றான். திட்டட்டும், நாலு பேர் முன்னால் கையை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மந்தைவெளியிலிருந்து பிராங்க்ஃபர்ட், ஜூரிக், பாசல் வரைக்கும் போய்த் திரும்பிவந்த லேகியம். மூடியில் சுற்றிய துணி கூட அவிழ்க்கப்படவில்லை.

"இதைக் கூரியர்ல அனுப்ப முடியுமாடா? பச்ச ஒடம்பு. பத்து நாளைக்குள்ள அவ வாயில போடணும்."

அனுப்பிவிடலாம் மாமி என்றான். ஒரு கூரியர் பாரத்தை இழுத்துச் சாருவின் விலாசத்தை எழுத ஆரம்பித்தான். மாமி மேஜையின் வலது பக்கத்தில் கிடந்த பஞ்சாங்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்லடா. நாள் பாருன்னு வந்து நின்னவ நான்தானே," என்றாள். பிறகு, நேற்றுத்தான் ஞாபகம் வந்தது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை மேற்க போயே ஆகணும்னா, ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுண்டு கெளம்பலாம். அதுவும் அந்தப் பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கும். ரெண்டு பேருக்குமே தோணல பாரு."

ஸ்ரீரங்கனுக்குத் தெரியும். சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்று அவனே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறான். மருந்துக்கடைக்கு எதிரே மளிகைக்கடை. கால் கிலோ வாங்கி வந்திருக்கலாம்.

அவன் மறுபடி பாரத்தின் மேல் குனிந்தான். பொருள் என்ன என்ற கட்டத்தில் மருந்து என்று எழுதினான். எத்தனை என்று அடுத்த கட்டம். அதில் ஒன்று என்று போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமிதான், நாழியாறதுடா, போடு என்றாள்.